மாமலேட்டின் முதுகு

பதினொரு நாள் விடாமல் பெய்தது.
பன்னிரண்டாம் நாள் வெயில் வந்தது,
கடன் வாங்கிப் போனவன்
சிரித்துக்கொண்டு படியேறி வருவதைப் போல.
லாயத்துத் தகரத்தில் ஆவி எழும்பியது.
பேரே வாவிப் பக்கக் காற்றில் அழுகிய பாசி.

உன் முதுகைத் தடவினேன்.
உள்ளங்கைக்குக் கீழே அரிசி கொட்டிக் கிடந்தது.
ஒரு கொத்து மயிரைத் தொட்டேன், இழுக்கவில்லை,
தானாய்க் கழன்று வந்தது
அடியில் பொருக்கோடு,
கழுவாமல் காயவிட்ட பெயின்ற் பிரஷ் மாதிரி.
அது விட்டுப்போன இடத்தில் ரோசாத் தோல்,
ஈரமாக,
ஒருவருக்கும் காட்டாமல் நீ வைத்திருந்தது.

டொக்டர் நில்மினி ராஜகிரியவில்
வெள்ளத்தில் நின்றுபோன காருக்குள்ளிருந்து பேசினார்:
மழைப் பொருக்குத்தான், பயப்படாதே.
ஊறவிட்டு எடு. காய்ந்ததைப் பிய்க்காதே, நோகும்.
குளோர்ஹெக்சிடின் பூசிப் பத்து நிமிஷம் பொறு.
பிறகு கழுவு. பிறகு துடை.
பிறகு, கேட்குதா, பிறகு காயவிடு.
மருந்தைவிட அதுதான் மருந்து.

காயவிடு.
கொழும்பில். நவம்பரில்.
சுவர் காயவில்லை, என் சட்டை காயவில்லை,
காற்சட்டைப் பைக்குள் இரண்டு நூறு ரூபாத் தாள்கள்
ஒன்றையொன்று விடமாட்டேன் என்றன.
சப்வான் தன் வீட்டு மேசை விசிறியை
மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு
மருதானையிலிருந்து வந்தான்.
"வீட்டில் பிள்ளைக்கு?"
"பிள்ளை படுத்திட்டான். இவள் நிக்கிறாளே."

பத்து நிமிஷம் நீளமானது,
மருந்து வழியும் குதிரைக்குப் பக்கத்தில்
கடிகாரத்தோடு நின்றால்.
ஊறிக் கழன்ற பொருக்கையெல்லாம்
நிலத்தில் விழவிடாமல் ஒரு பைக்குள் பொறுக்கினேன்.
உனக்கென்று தனிப் பிரஷ், தனித் துவாய்,
மாறிவிடாதிருக்கச் சிவப்பு நூல்.
பின்கால் குளம்புக்கு மேலே, மடிப்புக்குள்ளும் இருந்தது.
அங்கே தொட்டபோது காலைத் தூக்கினாய்,
உதைக்கவில்லை,
தூக்கி, யோசித்து, வைத்தாய்.

மூன்றாம் நாள் தோல் காய்ந்து மங்கியது.
அன்றிரவுதான்
கழுத்திலும் விலாவிலும் வடை வடையாய்த் தடிப்பு.
விரலால் அழுத்தினேன், குழி விழுந்தது,
விழுந்த குழி நெடுநேரம் என்னைப் பார்த்தது.
நீ தூணில் உரசி உரசி
லாயமே ஆடியது.

மூச்சு எப்படி, என்றார் நில்மினி.
விலாவைப் பார்த்து எண்ணினேன்: பதினாலு.
மூக்கு? கண் இமை? வீக்கமில்லை.
புதிதாக என்ன கொடுத்தீர்கள்?
ஒன்றுமில்லை, அதே புல், அதே தவிடு.
நுளம்பாயிருக்கும், என்றான் சப்வான்.
ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.
ஆட்டிய அந்தக் காற்றில் மணந்தது

மல்லிகை.

உன் போர்வை. என் சலவைத் தூள்.
பாசி நாற்றத்துக்குள் நிற்கிறாயே,
கொஞ்சம் மணக்கட்டும் என்று
ஒரு கைப்பிடிக்கு இரண்டாய்ப் போட்டது நான்.
சரியாக அலசியதுமில்லை,
பைப்பில் தண்ணீர் நூலாய் வந்தது, நேரமும் போய்விட்டது.

போர்வையை இழுத்து வெளியே எறிந்தேன்.
குளிர்ந்த தண்ணீரை வாளி வாளியாய் ஊற்றினேன்,
மூன்று நாள் காயவைத்த முதுகில்.
நில்மினி ஓட்டோவில் வந்து ஊசி போட்டார்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

விடியும்போது வடைகள் இல்லை,
எந்த எண்ணெய்ச்சட்டிக்குத் திரும்பிப் போனதோ.
முதுகு மட்டும் மறுபடி ஈரம்.
விசிறியை முதல் வேகத்திலிருந்து ஆரம்பித்தோம்.

பதிவுப் புத்தகத்தில்
காரணம் என்ற கட்டத்தில் சலவைத் தூள் என்று எழுதினேன்.
பெயர் என்ற கட்டம் குதிரைக்கு உரியது.
அங்கே தவறுதலாக மெட்டில்டா என்று எழுதி
வெட்டி
மேலே மாமலேட் என்று எழுதினேன்.

நீ என் கையை மணந்தாய்.
ஏழு தடவை கழுவிய கை.
இன்னும் ஏதோ இருக்கவேண்டும், மூக்கைச் சுருக்கினாய்.
தகரத்தில் ஒரு துளி.
சப்வான் நிமிர்ந்து பார்த்தான்,
அது காகம், என்றான்.
நான் நம்பினேன், இரண்டாவது துளி விழும்வரை.