மூன்று நிமிடம், தடைக்குச் சார்பாக

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது
ஆயிரத்து எண்ணூற்று ஏழு, டிசம்பர்:
அமெரிக்கா தன் கப்பல்களைத்
தன் துறைமுகங்களுக்குள்ளேயே பூட்டிய சட்டம்.
"சரியென்று பேசு" என்றார் முபீதா டீச்சர்.
மூன்று நிமிடம். இரண்டாவது பேச்சாளர்.

ஒலுவில்காரி வாயால்.

எங்கட துறைமுகத்தின் வாயை
எந்தச் சட்டமும் மூடவில்லை, மணல்தான்.
வாப்பாவின் படகு உள்ளே கிடக்கிறது
பதினெட்டு நாளாக.
ஐஸ் பெட்டிக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது.
கடன்காரர் வந்தால்
கதவுக்குப் பின்னால் நின்று நான்தான் சொல்கிறேன்,
"வாப்பா இல்லை."

எதிரணி ஹிமாயாவுக்கு வயல் வீடு.
இடைவேளையில் கேட்டாள்,
"கப்பல் சும்மா நிண்டா என்னடி கெட்டுப்போகும்?"
சொல்லியிருக்கக் கூடாது.
சொன்னேன்: கயிறு. மறுகா இஞ்சின் தொண்டை.
அடிப்பக்கம் சிப்பி ஏறும்.
மறுகா, வாப்பாமார்ற குரல்.
அவள் அதை அப்படியே
நீல மையில் எழுதிக்கொண்டாள்.

என் அட்டையில் இருந்தவை:
நடுக்கடலில் மறித்து
மாலுமிகளைப் பிடித்துப்போன பிரித்தானியப் போர்க்கப்பல்கள்,
அந்தப் பக்கம் பிரான்சு பறித்த சரக்கு,
பீரங்கிக்குப் பதில் பட்டினியால் பேசலாம் என்று
நம்பிய முப்பது வயது நாடு.
யாருடைய பட்டினி என்று ஹிமாயா கேட்பாள்.
கேட்காவிட்டால்
நானே கேட்டுவிடுவேன்போல.

இரவு, குசினிக் கடிகாரத்துக்கு எதிரே
சத்தமாகப் பேசிப் பார்த்தேன்.
மூன்று நிமிடம் நாற்பது செக்கன்.
உம்மா மீன்சட்டி இல்லாத அடுப்பைத் துடைத்தபடி,
"எத்தினை மாசம் பூட்டி வச்சாங்க?"
"பதினைஞ்சு."
"ஆக்கள் கத்தியிருப்பாங்களே."
"கத்தினாங்க. களவா ஏத்தினாங்க.
கடைசியில சட்டத்தையே எடுத்திட்டாங்க."
உம்மா துணியைப் பிழிந்தாள்.
"அந்தப் பொம்பிளையள்
பதினைஞ்சு மாசம் நித்திரை கொண்டிருப்பாளுகள்."

உள்ளறையில் வாப்பாவின் குறட்டை,
பதினெட்டாவது இரவு.

நாற்பது செக்கன் வெட்ட வேண்டும்.
பிரான்சை வெட்டினேன். சரக்குத் தொகையை, ஆண்டுகளை.
உம்மாவின் வசனத்தைச் சேர்த்தேன்;
நேரம் திரும்பக் கூடியது.
ஆதாரம் என்ன என்று டீச்சர் கேட்பார்.
ஆதாரம் என்று எழுதிக் கோடு போட்டு
எதிரே ஒன்றும் எழுதாமல்
விளக்கை அணைத்தேன்.

விடிய, மணல் தோண்டும் இயந்திரம் வருகிறதென்று
பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.
வாப்பா எழும்பிச் சாரத்தை இறுக்கிக் கட்டினார்.
உம்மா ஒன்றும் சொல்லாமல்
தேத்தண்ணி ஊற்றினாள்.