செத்தவன் நகர்ந்த தூரம்

வீகோ துறைமுகத்தில் மழை
பக்கவாட்டில் பெய்கிறது.
சபேலாவின் இரண்டு எக்ஸ்ரே படங்களை
விளக்குப் பெட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறேன்.
அண்ணத்து எலும்பு அண்ணத்து எலும்போடு பொருந்த வேண்டும்,
மற்றவை அதன் பிறகுதான் வாய் திறக்கும்.

நீலப் பென்சில், இருபத்தொரு மாதத்துக்கு முன்.
சிவப்பு, இன்று.

துருத்திய முன்பற்கள் சொன்னபடி உள்ளே போயிருக்கின்றன.
நாற்பத்திரண்டு வயதில் முதன்முறையாக
மேலுதடு கீழுதட்டைச் சிரமமில்லாமல் தொடுகிறது.
கடைவாய்ப்பல் மட்டும்,
நீ அசையாதே, உன்னைப் பிடித்துத்தான்
மற்றவர்களை இழுக்கப்போகிறேன் என்று
கம்பி கட்டி நிறுத்திய பல்,
நீலக் கோட்டைவிட்டு வெளியே வந்து
சிவப்பாக நிற்கிறது.
இரண்டு புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
கொஞ்சம் முன்சாய்ந்து,
கூப்பிட்டது யார் என்று பார்ப்பதுபோல்
கொஞ்சம் திரும்பி.

மூன்று வேர் இருக்கிறதே, நிற்கும் என்று நினைத்தேன்.
கயிறு இரு முனையிலும் கயிறுதான்.

அண்ணத்தில் ஒரு திருகாணி வைத்திருக்கலாம்.
இருநூறு யூரோ என்றபோது அவள் முகம் போன போக்கில்
தேவைப்படாது என்று சொன்னவன் நான்.
அவள் சிப்பிக் கயிறு ஏற்றிய காலைகளில்,
தூங்கிய இரவுகளில்,
வங்கி வரிசையில் நின்ற நேரத்தில்,
முன்னால் எலும்பைக் கரைத்து
பின்னால் எலும்பைக் கட்டி
வீட்டோடு நடந்திருக்கிறது பல்.
அவளுக்குத் தெரியவில்லை.
எனக்கும்தான்.

மோஅன்யாவிலிருந்து படகில் வந்தவள்
ஈரக் கோட்டைக் கழற்றாமலே படத்தைக் குனிந்து பார்த்தாள்.
“நகரக் கூடாததா இது?”
ஆமாம்.
“எங்கள் தெப்பத்தைக் கடலடியில்
ஒரு கான்கிரீட் பாளம் பிடித்திருக்கிறது, டாக்டர்.
மோர்த்தோ என்போம். செத்தவன்.
ஜனவரிப் புயலில்
செத்தவன் பதினோரு மீட்டர் நடந்தான்.”
என்ன செய்தீர்கள்?
“சங்கிலியை அளந்தோம். புது இடத்தை நோட்டில் குறித்தோம்.
அமாரோ மட்டும் ஒரு வாரம்
பாளம் வார்த்தவனைத் திட்டிக்கொண்டிருந்தான்.”

நான்தான் வார்த்தவன் என்று சொல்ல நினைத்தேன்.
“கடியுங்கள்” என்றேன்.
பற்களுக்கிடையே நீலத் தாள்.
வலப்பக்கம், முன்பு தொடாத ஒரு மேட்டில்
கடுகளவு புள்ளி விழுந்தது.
இடப்பக்கம் ஒன்றுமில்லை.

“இந்தப் பக்கம் ரொட்டி நன்றாக நசுங்குகிறது.”
அந்தப் பக்கம்?
“அந்தப் பக்கத்தில் மெல்லுவதை
விட்டுவிட்டேன் போலிருக்கிறது” என்றாள்,
இப்போதுதான் கவனித்தவள்போல.

ஆறரைப் படகுக்கு அவள் ஓடிய பிறகு
கோப்பில் எழுதினேன்: நங்கூர இழப்பு.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
திருகாணி வைக்கவில்லை, என் முடிவு.
அடுத்த வாரம் இடப்பக்கம்.