‘அமைதி’ என்று எழுதியது

கௌனாஸ் டிராலிபஸ்களில் இருபத்தொன்பது வருடம்
டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன் நான்.
ஆளைப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன் என்று
காப்பகத்தில் முதல் நாளே வாயைக் கொடுத்தேன்.

வைதிலே சிரிக்கவில்லை. என் வயதில் பாதி அவளுக்கு.
ஒரு படிவமும், கழி நுனியில் கட்டிய
பிளாஸ்டிக் கையும் தந்தாள்.
“தீனித் தட்டை இதால் இழுங்கள்.
பல்லைப் பார்க்காதீர்கள்,
பல்லுக்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள்.”

முன்னால் நடப்பது:
வாய் மூடும். மீசைமயிர் முன்னே வரும்.
கண்ணோரம் பிறைபோல வெள்ளை தெரியும்.
விழுங்குகிற வேகம் கூடும், அல்லது சட்டென்று நிற்கும்.
வால் ஆடினால் சந்தோஷம் என்றிருந்தேன்.
கொடிக்கம்பமாய் நிமிர்ந்து
நுனி மட்டும் துடிக்கிற வாலுக்கு
என் கால்சட்டை ஒன்று பலியானது.

குடை விரித்துப் பார்ப்போம்.
சமையற்கட்டு ராபோலாஸ் தொப்பி மாட்டிக்கொண்டு
அந்நியராக வந்து போவார்.
உடம்பெல்லாம் பன்றிக்கொழுப்பு வாசம்;
எந்த நாய்க்கும் அவர் அந்நியர் இல்லை.

பிப்ரவரியில் கெஃபீரஸ் வந்தது.
மூடிய மரவாடியிலிருந்து பிடித்து வந்த வெள்ளை நாய்.
குடைக்கு அசையவில்லை. தொப்பிக்கு அசையவில்லை.
பிளாஸ்டிக் கை தட்டை இழுத்துக்கொண்டு போனது,
அது சுவரையே பார்த்து நின்றது.
காதைத் தூக்கினேன், பாதத்தைப் பிடித்தேன்,
வைத்த இடத்தில் வைத்தபடி.
ஐந்துக்கு ஐந்து.
கருத்து: அமைதி.
வைதிலே அன்று விடுப்பு.

பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தது.
கூடவே அரை மூட்டை தீனி, மடித்த போர்வை,
ஆறு வயது ஆஸ்தே வரைந்த படம்.
கோடுகள் கோணல். இடக்கையால் வரைந்திருந்தாள்;
வலக்கையில் மூன்று தையல்.
“வெயில் விழும் இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.
இப்போதுதான் பழகியது என்று நினைத்தோம்”
என்றார் அவளுடைய அப்பா.
கத்தியிருந்தால் தேவலை.

அன்றிரவு ஏழாம் எண்ணில் வீடு திரும்புகையில்
பரிசோதகர் ஏறினார், எனக்குத் தெரியாத புது ஆள்.
முன் இருக்கைப் பையன் ஜன்னலையே பார்த்தான்.
வெளியே இருட்டு. பார்க்க ஒன்றுமில்லை.
தோள் அசையாமல் மூச்சை அளந்து விட்டான்.
இருபத்தொன்பது வருடம்
இதைக் கண்டுபிடித்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

இப்போது காலையில் அதன் கூண்டுக்குள்
முகம் கொடுக்காமல், பக்கவாட்டில், தரையில் உட்கார்கிறேன்.
கூடைப்பந்து முடிவுகளை உரக்க வாசிக்கிறேன்.
மூன்று நாள் ஒன்றுமில்லை.
நாலாம் நாள் உதட்டை நக்கியது.
ஒன்பதாம் நாள் செய்தித்தாளைத் திருப்பிய சத்தத்துக்கு
அடிவயிற்றிலிருந்து ஒரு சின்ன உறுமல்.

லாட்டரி விழுந்தவன்போல ஓடினேன்:
“வைதிலே, உறுமிவிட்டது!”
அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.
“எவ்வளவு நேரம்?”
“இரண்டு நொடி.”
“எழுதுங்கள்.”

எண்களுக்கான கட்டங்களை விட்டுவிட்டு
ஓரத்தில் எழுதத் தொடங்கினேன்:
குழந்தைகள் இல்லாத வீடு.
படுத்திருக்கையில் தொடவேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடவும்.
தாள் சத்தம் பிடிக்காது.
உறுமும். உறுமினால் அதட்டவேண்டாம்.
கூடைப்பந்து கேட்கும்.

இடம் போதவில்லை.
படிவத்தைத் திருப்பினேன்.