பதினெட்டு லிட்டர்

அடுப்பை லிட்டரில் அளப்பார்கள் என்று
டேகு நகரத்துப் பழைய சாமான் கடையில்தான்
தெரிந்துகொண்டேன்.

நினோ கதவைத் திறந்து
தன் ஒற்றைச் செருப்பை உள்ளே வைத்துப் பார்த்தாள்.
"ஜார்ஜியா ரொட்டி இதைவிட நீளம், இராக்லி."
"வளைத்துச் சுடலாம்."

பேருந்தில் அதை மடியில் ஏந்தி நின்றவளுக்கு
ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார்,
பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பதுபோல.

அறையில் இருப்பது ஒரே பிளக்.
பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு
பாலையும் வெண்ணெயையும்
ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டோம்.
அங்கே மைனஸ் ஏழு.

குமிழைத் திருகினேன்.
மாடி முழுக்க இருட்டு.

எட்டு மாதத்தில் முதல்முறையாக
எதிர்வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தேன்,
செல்போன் வெளிச்சத்தில்.
என் கையெல்லாம் மாவு.
"என்ன சுட்டீர்கள்?"

"இதுவரைக்கும்
ஃபியூஸ் மட்டும்."