என்ன மாறியது?

முதல் ஆண்டில் கேக் வெட்டினார்கள்.
தலைநகரிலிருந்து இரண்டு வண்டிகள்,
எல்லாருக்கும் நீலச் சட்டை,
முதுகில் திட்டத்தின் பெயர்.
இப்போது அந்தச் சட்டையால்தான்
ஆட்டோகிளேவின் கதவைத் துடைக்கிறேன்.

நான் லுசுங்கு. மலாவியின் வடக்கே
ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில்
அறுவைக் கருவிகளை ஆவியில் வேகவைப்பவன்.
கத்தி பிடித்தவர் யாரென்று ஊருக்குத் தெரியும்.
வேகவைத்தவனை யார் கேட்கப்போகிறார்கள்.

சுவரில் ஒரு வரைபடம்.
மாதத்துக்கு எத்தனை காயத்தில் சீழ் என்று
சிஸ்டர் தவோங்கா பென்சிலால் புள்ளி வைப்பார்.
பதினொன்றில் தொடங்கியது. ஆறு. இரண்டு.
பிறகு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
பூஜ்யத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை.
திட்டம் முடிந்தது. வண்டிகள் நின்றன.
தாள் தீர்ந்ததும் பழைய காலண்டரின் பின்புறத்தில்
கோடு கிழித்து ஒட்டினார்.

போன மழைக்காலத்தில் மூன்று.
மூன்றும் சிசேரியன், மூன்றும் பிப்ரவரி.
மழை, ஈரம், இருக்கத்தான் செய்யும்
என்றார் புது டாக்டர்.
சிஸ்டர் பதில் பேசவில்லை.
அதே பென்சிலால் அழுத்தி வைத்தார் புள்ளியை.
பிறகு ஒவ்வொருவரிடமும் போய் ஒரே கேள்வி:
என்ன மாறியது?

என்னிடம் வந்தபோது
டிரம்மின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.
கரண்ட் நாளுக்கு நாலு மணி நேரம்.
இரண்டு தடவை வைக்க வேண்டியதை
ஒரே தடவையில் திணித்தேன், ஜனவரியிலிருந்து.
டேப்பில் கோடுகள் கறுத்துத்தான் வந்தன.
கறுத்தது வெளியே.
மடித்த துணியின் நடுவுக்கு ஆவி போயிற்றா என்று
டேப் சொல்லாது.
நானும் சொல்லியிருக்கவில்லை.

சொன்னேன்.

திட்டு விழும் என்று நின்றேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்
கரண்ட் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டு
எழுதிக்கொண்டார்.

இப்போது அதிகாலை இரண்டுக்கு எழுந்து வருகிறேன்.
இரண்டு தடவை. பொட்டலங்களுக்கு நடுவே
விரல் நுழையும் இடம் விட்டு.
தியேட்டரில் புது டாக்டர் கையை நீட்டுகிறார்;
சிஸ்டர் கத்தியைத் தருவதில்லை.
நோயாளியின் பெயர் சொல்லுங்கள். என்ன அறுவை, சொல்லுங்கள்.
பஞ்சு எண்ணி முடியட்டும்.
ஏழு வருடமாக அதே கேள்விகள்,
இன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல.

மாதக் கடைசியில் பூஜ்யம் வைத்தார்.
பென்சில் கட்டைவிரல் அளவு தேய்ந்துவிட்டது.
மூன்றாம் வார்டின் தொவேரா
தையல் பிரித்து, குழந்தையைத் தங்கையின் முதுகில் கட்டிவிட்டு
மினிபஸ் பிடிக்க நடந்தாள், மெதுவாக.
எங்களில் ஒருவர் பெயரும் அவளுக்குத் தெரியாது.

காலண்டரில் அடுத்த கட்டம் காலி.
மணி ஒன்றரை.
இன்னும் கரண்ட் வரவில்லை.