பதினேழாம் வாளி

அக்டோபர் கடைசி ஞாயிறு.
நியூஃபவுண்ட்லாந்துக் குளிர் காதைக் கடிக்கிறது.
கடல் ஆய்வு நிலையத்துக்கு இனி மே வரை பூட்டு.
கோடைக்கு இரவல் வாங்கிய உயிர்களை
இன்று கடலிடம் திருப்பித் தர வேண்டும்.

ஊரே வரிசையில், ஆளுக்கொரு வாளி.
தபால்காரி, பாதிரியார்,
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹெட்லி,
மழைக்கோட்டு தரையைத் துடைக்கும் பிள்ளைகள்.
பட்டியல் என் கையில்.
நட்சத்திர மீன் ஒன்பது.
துறவி நண்டு ஏழு என்றிருக்கிறது, எண்ணினால் ஆறு.
யாரும் கேட்கவில்லை.

பதினேழாம் வாளி பெர்னிஸுக்கு.
இருபத்திரண்டு வருடம் மீன் ஆலையில்
காட் மீன் வயிறு கிழித்த கை.
ஆலை மூடியபின் செவ்வாய்தோறும் இங்கே
சம்பளமில்லாமல் தொட்டிக் கண்ணாடி துடைக்கிறாள்.
"உயிரோடு ஒரு மீனைத் தொட்டதில்லை நான்"
என்றாள் ஒருமுறை, மணி சொல்வதுபோல.

வாளியைச் சாய்க்கிறாள்.
குண்டுமீன் வரவில்லை.
வயிற்று வட்டால் அடியைக் கவ்வி
உடும்புப் பிடி.
அலை வந்து வாளியை நிரப்புகிறது, போகிறது,
மறுபடி வருகிறது.
தட்டு, என்கிறான் ஹெட்லி.
யாரோ குச்சி நீட்டுகிறார்கள்.
கூட்டம் மெல்ல தேநீர்ப் பக்கம் நகர்கிறது.

பெர்னிஸ் கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு
முழங்கால் நீரில் குந்துகிறாள்.
மீனுக்கும் வாளிக்கும் நடுவே
கட்டைவிரலை நுழைக்கிறாள்.
அந்த விரலுக்கு வழி தெரியும்.
கத்திதான் இல்லை.

பிடி விட்டது.
ஆனால் மீன் போகவில்லை.
அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

பென்சிலோடு நிற்கிறேன்.
பதினேழுக்கு நேரே
இன்னும் டிக் போடவில்லை.