வார் போன வழி

தீபாவளிக்கு முந்தின வாரம் தேக்காவில் வாங்கியது.
பதினெட்டு வெள்ளி. பெருவிரலுக்கு ஒரு வளையம்,
புறங்காலில் குறுக்காக இரண்டு தங்க வார்,
கணுக்காலருகே புளியங்கொட்டை அளவில் கொக்கி.
கொஞ்சம் இறுக்கம் என்றேன்.
போடப்போட இளகிவிடும் என்றார் கடைக்காரர்.
இளகியது என் தோல்தான்.

ஈசூனில் ஐந்து புளோக், ஒன்பது வீடு,
வாசலுக்கு வாசல் கழற்றி மாட்டும் பிழைப்பு எனக்கு.
உயர்நிலை இரண்டுக்கு அறிவியல்.
மழை பிடித்தால் கூரை நடைபாதைவரை ஓட்டம்;
அன்று முழுக்க வாருக்கடியில்
ஒரு சின்னச் சதுப்புநிலம்.

முதலில் அரிப்பு. பிறகு சிவப்பு.
பிறகு பொடிப்பொடியாய்க் கொப்புளம்,
கோடு தப்பாமல், வார் போன வழியே.
கழற்றி வைத்த பிறகும்
காலில் கிடந்தது செருப்பு.

செருப்புக் கடியை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொன்னேன்.
டாக்டர் கோ விசைப்பலகையிலிருந்து நிமிர்ந்தார்:
"எந்தப் பிராணி?"

தோல் நிலையத்தில் முதுகெங்கும் ஒட்டினார்கள்
சின்னச் சின்னக் கட்டங்கள்.
இரண்டு நாள் குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது.
வியர்க்கக் கூடாதாம், சிங்கப்பூரில்!
தங்கப் பூச்சைச் சந்தேகப்பட்டேன்.
கொக்கியின் நிக்கல்மீது பந்தயமே கட்டியிருப்பேன்.
சிவந்ததோ பதினேழாம் கட்டம்:
பசை.
கண்ணில் படாமல் எல்லாவற்றையும்
சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்த அது.

இப்போது அகலமான பழுப்புச் செருப்பு.
சுற்றிலும் தையல்; விரல்கள் விரிய இடம்;
குதிகால் அமரக் குழிந்த மெத்தை.
"ஈரடுக்கு பஸ்ஸா சித்தி?" என்கிறாள் அக்கா மகள்.
கோடு மங்கிவிட்டது.
மழைக்கு முன் லேசாக அரிக்கிறது,
நினைப்பாகவும் இருக்கலாம்.

நேற்று ஷம்சுன்னிசா வீடு, பதினோராம் மாடி.
கதவுக்கு வெளியே அடுக்கின் மேல்தட்டில்
அதே வளையம், அதே தங்க வார்.
மகனுக்கு உராய்வுப் பாடம்.
மைலோ கொண்டுவந்தவர்
நின்றபடியே வலது குதிகாலால்
இடது புறங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்,
தனக்கே தெரியாமல்.

இரண்டு பரப்புகள் ஒன்றன்மீது ஒன்று நகரும்போது,
என்று தொடங்கியிருந்தேன்.
பையன் பேனாவோடு காத்திருந்தான்.
"அக்கா," என்றேன்,
"பதினெட்டு வெள்ளியா?"